குதிரை, மோட்டார், ஒரு வாளி வெந்நீர்

கே: மாடிப்படியை ஓடி ஏறினால் உடம்பு இன்னும் சீக்கிரம் இளைக்குமா?

ப: உங்களைத் தூக்கும் வேலை மாறாது. 60 கிலோ ஆள் 3 மீட்டர் ஏற 1,764 ஜூல். 20 நொடியில் ஏறினால் 88 வாட். 4 நொடியில் பறந்தால் 441 வாட். திறன் என்பது வேலை நடக்கிற வேகம், அவ்வளவே. தசையின் பயனுறுதிறன் 25 சதவீதம் என்று வைத்தால் உடம்பு நான்கு மடங்கு செலவழிக்கும். அதுவும் 2 கலோரிக்குள் முடிந்துவிடும். ஓர் இட்லிக்கே 40 கலோரி. சட்னியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கே: குதிரைக்கு ஒரு ஹெச்.பி.தானா?

ப: நாள் முழுக்க உழைக்கும் குதிரைக்கு ஜேம்ஸ் வாட் போட்ட கணக்கு அது: 746 வாட். சில நொடிக்கு என்றால் பத்துக்கு மேலும் காட்டும்.

கே: ஒரு ஹெச்.பி. மோட்டாரை அரை ஹெச்.பி.யாக மாற்றினால் கரன்ட் பில் பாதியாகுமா?

ப: தொட்டி நிரம்ப இரு மடங்கு நேரமாகும். அதே தண்ணீர், அதே உயரம். பில்லைத் தின்பது அடைத்த ஃபுட்வால்வும் துருப்பிடித்த பைப்பும்.

கே: வாட்டர் ஹீட்டரின் பயனுறுதிறன் 100 சதவீதத்தை ஒட்டி வருமாமே. பிறகு ஏன் பில் எகிறுகிறது?

ப: மற்ற இயந்திரங்கள் வெப்பமாக வீணடிக்கும், ஹீட்டருக்கு வெப்பமே தொழில். ஆனால் வேலையின் அளவைப் பாருங்கள். 1,000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் தூக்க 98,000 ஜூல் போதும். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி கூடுதலாகச் சூடாக்க 16.7 லட்சம் ஜூல். ஒரு குளியலுக்கு 17 தொட்டி! மோட்டாரும் பம்பும் சேர்ந்து முக்கால் பங்கை வீணடித்தாலும், அந்த வாளியின் செலவில் நான்கு தொட்டி நிரப்பலாம். “மோட்டாரை நிறுத்து” என்று வீட்டில் கத்துபவர் பெரும்பாலும் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவராக இருப்பார். போதாததற்கு, அனல்மின் நிலையத்தில் எரிகிற நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. வெப்பத்தை மின்சாரமாக்கி, அதை மறுபடி வெப்பமாக்கிக் குளிக்கிறோம்.

கே: 1,500 வாட் இழுக்கும் ஏ.சி., 5,000 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறதாம். 100 சதவீதத்தைத் தாண்டிவிட்டதே!

ப: ஏ.சி. எதையும் உண்டாக்கவில்லை, அறையில் இருக்கும் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. சுமைகூலியைவிட மூட்டையின் விலை அதிகமாக இருப்பதில் என்ன அதிசயம்? ஆனால் வெளியே இறங்குவது கூலியும் மூட்டையுமாக 6,500 வாட். எதிர்வீட்டு ஜன்னலைக் கேட்டுப் பாருங்கள்.