மூக்கறுபட்ட ஊர்

எங்கள் தேனிலவுக்கு நாலு பேர் போனோம். நான், என் மனைவி, என் அம்மா, பெரியம்மா. 1994 பிப்ரவரி. ஊர் நாசிக்.

தேனிலவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரியம்பகேஸ்வரர் தரிசனம் என்றுதான் பேர். நான் பம்பாயில் குமாஸ்தா. அந்த ஊர் மும்பை ஆக இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. செம்பூரில் ஒற்றை அறை வீடு. கல்யாணமாகி நாலாம் மாதம், “பக்கத்துலயே ஜோதிர்லிங்கத்தை வச்சுக்கிட்டு இன்னும் போகலையாடா?” என்று கம்பத்திலிருந்து அம்மா கிளம்பி வந்துவிட்டாள், துணைக்குத் தன் அக்காவையும் ஒரு செப்புச் சொம்பையும் சேர்த்துக்கொண்டு.

சாயங்காலம் தாதரில் பஞ்சவடி எக்ஸ்பிரஸ் பிடித்தோம். நாசிக்கிலிருந்து தினமும் பம்பாய்க்கு வேலைக்கு வந்து திரும்புகிறவர்களின் பிதுரார்ஜித சொத்து அந்த வண்டி. சீட்டுக்கட்டு விரிந்த இடமெல்லாம் அவர்களுடையது. எனக்குக் கதவோரம் நிற்க இடம் கிடைத்தது. இரண்டு மாமியார்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்து வந்தாள். கசாராவில் மலையேறுவதற்காகப் பின்னால் இன்ஜின் சேர்த்தபோது வண்டி குலுங்கியது; நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிரவு எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். சத்திரத்தில் பெண்களுக்குத் தனிக்கூடம். அங்கே ஓர் இரவு தங்க ஊர், பேர், உறவு, வந்த காரணம் வரை எழுதி வாங்கினார்கள்.

மறுநாள் கோதாவரியில், ராம்குண்டத்தில், பண்டா கோத்திரம் கேட்டார். விழித்தோம். தெரியாதவர்களுக்கெல்லாம் சிவ கோத்திரம் என்று பட்டென்று ஒன்றை ஒதுக்கித் தந்தார். உள்ளங்கையைக் குழித்துப் பிடிக்கச் சொல்லி ஒரு கரண்டி ஊற்றினார். இடது கை கூடாது, உறிஞ்சும் சத்தம் கூடாது, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். தட்டில் தட்சிணை. லட்சுமணன் சூர்ப்பணகையின் மூக்கை அறுத்தது இங்கேதான், நாசிகை விழுந்த இடம் நாசிக் ஆனது என்று பெரியம்மா கதை சொன்னாள்.

முப்பது வருஷம் கழித்து அதே ஊரில், பளபளக்கும் மேஜைக்குப் பின்னால் கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பையன், “மூக்கை நல்லா உள்ளே விடுங்க சார்” என்றான் இந்தியில்.

பெங்களூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தான். “ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வாங்கப்பா” என்று உத்தரவு. கார், தோட்டத்தைப் பார்த்த அறை, இரண்டு ஒயினரி, நடுநடுவே சாப்பாடு. வழியெல்லாம் டிரைவர் சுலா ஒயினரியின் கதையைத் தல புராணம் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். ராஜீவ் சமந்த் கலிபோர்னியாவில் ஆரக்கிள் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தது, குடும்ப நிலத்தில் மாம்பழம், ரோஜா எல்லாம் வைத்துப் பார்த்தது, 2000-இல் முதல் ஒயின் வந்தது. சுலா என்பது அவர் அம்மா சுலபாவின் பெயர்.

“அம்மா பேரை பாட்டிலுக்கா வச்சாரு?” என்றாள் இவள். டிரைவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

நாங்கள் போன இடத்தில் சடங்குகள் ராம்குண்டத்தைவிட அதிகம். கோப்பையைக் காம்பில்தான் பிடிக்க வேண்டும். வெளிச்சத்தில் நிறம் பார்த்து, சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு வாயில் உருட்டி, விரும்பினால் பக்கத்து வாளியில் துப்பலாம். சத்தம் போட்டு உறிஞ்சலாம். உறிஞ்சினால் காற்று கலந்து மணம் எழும்புமாம். ஊற்றியது என்னவோ பழைய கரண்டி அளவுதான். அன்று எங்கள் கோத்திரத்தைக் கேட்டார்கள். இன்று ஒயினின் கோத்திரத்தை எங்களுக்குச் சொன்னார்கள். செனின் பிளாங்க், சொவின்யோன் பிளாங்க், ஷிராஸ் என்று வம்சாவளி ஓடியது.

சொவின்யோன் பிளாங்கில் குடமிளகாய் வாசனை வருகிறதா என்று பையன் கேட்டான். எனக்கு வந்தது. வந்தது என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருந்தது. “குடமிளகாய் வேணும்னா மார்க்கெட்டுல கிலோ கணக்குல கிடைக்குமேங்க” என்றாள் இவள். அடுத்ததை ‘டிரை’ என்றான். “நனைஞ்சுதானே இருக்கு?”

அப்புறம் ஒரு சிவப்பை எடுத்து, இது போர்டோ பாணி என்றான். இவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

விஷயம் என்னவென்றால், இவள் அப்பாவுக்குக் கம்பம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடி படர்ந்த பந்தல். அடிச்சாம்பல் நோய் தலைகாட்டினால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். அதன் பெயர் போர்டோ கலவை. பள்ளிக்கூடம் விட்டு வந்து குச்சியால் அதைக் கலக்குவது இவள் வேலை; விரல் இடுக்கெல்லாம் நீலம். பிரான்ஸில் அதே போர்டோ பக்கத்தில், 1880-களில், சாலையோரக் கொடிகளில் திருட்டைத் தடுக்க இந்த நீலத்தைத் தெளித்து வைத்திருந்தார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மியார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார், மருந்து பிறந்தது. ஆக உலகம் ஒயினுக்காக அறிந்த ஊரை என் மனைவி பூச்சிமருந்துக் கடை வழியாக அறிந்தவள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டியபோது, பந்தல் இல்லாமல் வேலி மாதிரி நிற்கும் கொடிகளைத் தொட்டுப் பார்த்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை மருந்தடிக்கிறீர்கள், ஏப்ரலில் ஒன்று அக்டோபரில் ஒன்று என்று இரண்டு கவாத்தா என்று விசாரித்தாள். பையன் முதல் தடவையாகக் குரல் தணிந்து, அண்ணனைக் கூட்டி வருகிறேன் என்றான்.

கடைசி நிகழ்ச்சி மரத்தொட்டியில் திராட்சை மிதித்தல். அதற்குத் தனிக் கட்டணம். உண்மையான ஒயினுக்கு எஃகுத் தொட்டியும் இயந்திரமும் உண்டு. இது படம் எடுக்க. “பழத்தை மிதிச்சா எங்கப்பா தோலை உரிச்சிருப்பாரு. இங்க மிதிக்கக் காசா?” என்று செருப்பைக் கழற்ற மறுத்துவிட்டாள். நான் மிதித்தேன். ஜில்லென்று இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

மகாராஷ்டிரத்தில் குடிக்க உரிமம் வேண்டும் என்கிறது 1949-ஆம் வருஷத்துச் சட்டம். எங்களிடம் யாரும் ஊர், பேர், உறவு எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1994-இல் யாத்திரை முடியும்வரை வெங்காயம், பூண்டு கிடையாது. வெளியே பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது. பொட்டலம் கட்டிய புளிச்சோறு. அம்மா படித்துறையில் சொம்பை நிரப்பி வாயை ஈயம் பூசி அடைக்கக் கொடுத்த அரைமணி நேரத்தில், தேங்காய் வாங்கி வருகிறோம் என்று நாங்கள் நழுவினோம். ஒரு சந்தில், பெஞ்சுகூட இல்லாத கடையில், ஒரே தட்டில் மிசல். முளைகட்டிய பயறு, அதன் மேல் வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேலே தர்ரி என்கிற நெருப்புக் குழம்பு. இருவர் கண்ணிலும் தண்ணீர். திரும்பி வந்ததும் அம்மா இவள் முகத்தைப் பார்த்து, “கோதாவரித் தாயைப் பார்த்ததும் பிள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு” என்று பெரியம்மாவிடம் பெருமைப்பட்டாள். தேங்காயை மறந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இந்தத் தடவை மிசல் சாப்பிட்டது தோட்டத்துக்கு நடுவே, ஊஞ்சலும் கார் நிறுத்த மைதானமும் உள்ள உணவகத்தில். அப்பளம், தயிர், ஜிலேபி என்று தட்டு நிறைய. தர்ரி வேண்டாம் என்று இவள் கையை அசைத்தாள். நான் முதலிலேயே மாத்திரை போட்டிருந்தேன்.

ஊர் திரும்புமுன் ராம்குண்டம் போனோம். அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. படத்துக்கு முன்னால் வைக்கக் கொஞ்சம் கோதாவரி எடுத்துப் போக வேண்டும் என்றாள் இவள். சொம்பு இல்லை. கடைகளில் பிளாஸ்டிக் கேன்தான் தொங்கியது. அத்தைக்குப் பிளாஸ்டிக் ஆகாது என்று அதைத் தொடவில்லை. பையைத் துழாவினாள். முந்தைய இரவு நாங்கள் காலி செய்த, இனிப்பான லேட் ஹார்வெஸ்ட் ஒயினின் அரை பாட்டில் இருந்தது. படித்துறையில் குனிந்து மூன்று முறை அலசினாள். முகர்ந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்; நானும் முறைப்படி மூக்கை விட்டுப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று தீர்ப்பளித்தேன்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் ஊறவைத்தும் லேபிள் உரியவில்லை. பூஜை அலமாரியில், அம்மா படத்துக்குப் பக்கத்தில், லேபிள் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.