கோபத்துக்கு ஒரு பீரியட்

கணக்கு வரவில்லை என்றால் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டைக் கிழிக்கிறான். என்ன செய்யலாம்?
*(ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்)*

கிழிந்தது அவன் எழுதிய பக்கமா, நீங்கள் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்ட பக்கமா? முதலில் அதைப் பாருங்கள். கணக்கு எங்கும் ஓடிவிடாது. கரும்பலகையைத் துடைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு குறையும். உபதேசம் இல்லை, உடலியல்.

“அமைதியா இரு!” என்று எத்தனை முறை கத்துவது?

அவன் உங்களிடம்தானே கற்றுக்கொள்கிறான்?

இதற்கெல்லாம் பள்ளியில் நேரம் ஏது சார்?

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் ‘மகிழ்ச்சிப் பாடம்’ என்றே தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் மூச்சைக் கவனிப்பது, பிறகு கதை, பேச்சு. தேர்வு கிடையாது. வைத்திருந்தால் மகிழ்ச்சிக்கும் டியூஷன் சென்டர் திறந்திருப்பார்கள்.

அந்தக் காலம்போல் பிரம்பை எடுத்தால் கோபம் அடங்காதா?

யாருடைய கோபம்? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது. மனம் நோகப் பேசுவதும் அதே பிரிவில்தான் வருகிறது.