மூடிய கோட்டைக்கு ஒரு தாமத மனு

அனுப்புநர்:
மலைக்கோட்டை அடிவாரத்துப் பொதுமக்கள்,
திண்டுக்கல்.

பெறுநர்:
மகாராஜராஜஸ்ரீ ராணுவ இலாகா அதிகாரி அவர்கள்,
சென்னை மாகாண அரசாங்கம்,
புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

பொருள்: 1860-இல் திண்டுக்கல் மலைக்கோட்டையை விட்டுப் படை வெளியேறியதை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் சாம்ராஜ்யமே மூட்டை கட்டிப் போன பிறகு இந்த மனு வந்து சேர்வது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போட்டவர்களை விசாரியுங்கள். நூற்றறுபது வருஷமெல்லாம் ஒரு தாமதமா என்பார்கள்.

எங்களுடையது லேசுப்பட்ட தளம் இல்லை. மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை. 1755-இல் மைசூரின் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச் சாலை நடத்தினார். இங்கே தேறிய தெம்பில்தான் பிறகு மைசூரையே கைக்குள் போட்டுக்கொண்டார். 1767-இல் தாங்கள் பிடித்தீர்கள். மறு வருஷமே அவர் மீட்டார். 1783-இல் மறுபடியும் தாங்கள். 1784-இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தீர்கள். 1790-இல் திரும்பவும் பிடித்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதியே வாங்கிவிட்டீர்கள். சொத்து இத்தனை கை மாறியும் செலவு மட்டும் எப்போதும் எங்கள் தலையில்தான். மேலே எந்தக் கொடி பறந்தாலும் நெல்லும் வைக்கோலும் கீழிருந்துதான் ஏறின.

படையை விலக்கியதற்குத் தாங்கள் சொல்லப்போகும் காரணம் எங்களுக்குத் தெரியும்: எதிரி இல்லை. எப்படி இருப்பான்? 1799-இல் திப்புவை முடித்தீர்கள். 1801-இல் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டீர்கள். எதிரிகளை இப்படிக் கூண்டோடு தீர்த்துக்கட்டினால் கோட்டைக்கு வேலை எங்கிருந்து வரும்? உள்ளூர் வாழ்வாதாரத்தை உத்தேசித்து ஓரிருவரையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அது போகட்டும், எதிரி இல்லாததெல்லாம் ஒரு காரணமா? அமெரிக்காவைப் பாருங்கள். ராணுவச் செலவைக் குறைக்க வேண்டும் என்று அங்கே எல்லா நாடாளுமன்ற உறுப்பினர்களும் பேசுவார்கள். தன் தொகுதித் தளத்தில் கை வைத்தால் மட்டும் தேசத்துக்கே ஆபத்து என்பார்கள். இந்தத் தொல்லை தாங்காமல்தான் தனி ஆணையம் போட்டு, பட்டியலை மொத்தமாக ஏற்றுக்கொள் அல்லது மொத்தமாகத் தள்ளு என்று விதி வைத்தார்கள். 1988 முதல் 2005 வரை ஐந்து சுற்று மூடல் நடந்தது. ஐந்திலும் ஒப்பாரி குறையவில்லை. எங்கள் ஊர் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தது எவ்வளவு பெரிய அவமானம்!

பாரபட்சத்தையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் தாங்கள் உட்கார்ந்திருந்த கோட்டையில் இன்றைக்கும் ராணுவம் இருக்கிறது. கூடவே சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், பரங்கிமலையில் கன்டோன்மென்ட். எங்களுக்குக் கிடைத்தது தொல்லியல் துறையின் டிக்கெட் கவுன்ட்டர். தாங்களாவது ஒரே தடவைதான் மூடினீர்கள். அவர்கள் தினமும் சாயங்காலம் மூடுகிறார்கள்.

தற்போதைய படை நிலவரம்: ஞாயிற்றுக்கிழமை காலையில் காலேஜ் பையன்கள் பாறைப் படிகளில் மூச்சு வாங்க ஏறி, பீரங்கியைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுக்கிறார்கள். சுவரில் சாவியால் தன் பெயரையும் காதலி பெயரையும் கீறி, நடுவே இதயம் வரைந்து அம்பு விடுகிறார்கள். இக்கோட்டையில் கடைசியாக எய்யப்பட்ட அம்பு அதுதான்.

படை போனதும் ஊர் பாழாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. அந்த இடத்தில்தான் மனு இடறுகிறது. பேகம்பூரில் தோல் பதனிட்டார்கள். புகையிலை விளைந்தது, சுருட்டு கப்பலேறியது. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை தயாரித்தார்கள். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி லாரியாகப் போகிறது. காவலுக்கு ஆள் இல்லாத ஊர் பூட்டுச் செய்து பேர் வாங்கியது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அந்தப் பூட்டுக்காரர்தான் அரத்தால் சாவியை ராவிக்கொண்டே, அலிகார் மெஷின் பூட்டின் விலைக்கு எப்படி ஈடுகொடுப்பது என்று திணறுகிறார். அவருக்காக எந்தத் தலைவரும் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருக்கவில்லை.

ஆகவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பணிவுடன் வைக்கிறோம்.

1. தளத்தை மீண்டும் திறக்க வேண்டும். எதிரியை நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம். உள்ளூர்க் கட்சிகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

2. சிப்பாய்கள் வர முடியாவிட்டால் பாதகமில்லை. அவர்களுக்கான ரேஷன், கட்டட, சலவை கான்ட்ராக்ட்டுகளை மட்டும் அனுப்பிவைக்கவும்.

3. இரண்டும் இயலாதெனில், தளத்தை மூடியதில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கைப் பூட்டுப் பட்டறைகளுக்குத் தரவும்.

இப்படிக்கு,
மலைக்கோட்டை அடிவாரத்துப் பொதுமக்கள்.

நகல்: தளம் மூடப்படும் என்று பயந்துகொண்டிருக்கும் எல்லா ஊர்களுக்கும். இரண்டாவது கோரிக்கைதான் உங்கள் மனுவிலும் உள்ளது என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைக் கேளுங்கள், படை போனாலும் ஊர் நிற்கும்.