நடுக்கால்வாய் யாருடையது?

மல்லாங்கிணறு பக்கத்துக் கண்மாய்களில் மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். நடுக்கால்வாயைத் தூர்வாருவது யார்? "தண்ணி ஒங்களுக்குத்தானே, நீங்க வெட்டுங்க" என்பார் மேலூர்க்காரர். "ஒங்க கண்மாய்லருந்துதானய்யா வருது" என்பார் கீழூர்க்காரர். சீமைக்கருவேலம் மட்டும் யாரையும் கேட்காமல் வளரும்.

இதே வழக்கு இப்போது கணினிக்குள். பத்திரப்பதிவுக்கு 2018-இல் வந்த ஸ்டார் 2.0 மென்பொருள். பட்டாவுக்கு வருவாய்த்துறையின் தமிழ்நிலம். இரண்டும் இணைந்திருப்பதால், முழுப் புல எண்ணையும் வாங்கினால் பட்டா தானாக மாறும் ஏற்பாடு உண்டு. உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதிவேக இணைப்பு அவருடைய டூவீலருக்காகக் காத்திருக்கும். விற்றவர் பெயரில் ஓர் எழுத்து ஒத்துப்போகவில்லையா? அப்போது இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே ஓடுகிற ஏபிஐ (இரண்டு மென்பொருள்களைப் பேசவைக்கும் இணைப்பு), மஞ்சள் பையில் ஜெராக்ஸ் வைத்திருக்கும் கரிசல்காட்டுச் சம்சாரிதான். பராமரிப்பும் அவர் செலவு: பஸ் கட்டணம், டீ.

வங்கிகள் விவரமானவை. ஆளுக்கொரு கால்வாய் வெட்டாமல், பணப் பரிமாற்றத்துக்கு என்பிசிஐ என்று பொதுவாக ஒரு நீர்க்கட்டியை, அதாவது தண்ணீர் பங்கிடுகிறவரை, வைத்துக்கொண்டன. அதன் வழியே 2016-இல் யூபிஐ வந்தது. டீக்குப் பத்து ரூபாய் நொடியில் போய்விடுகிறது. டீ குடித்தவரின் பட்டா இன்னும் மறுகாலில் நிற்கிறது.