அந்தக் காலத்து அண்ணாச்சி

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை முடிந்தால் எங்கள் குடியிருப்பில் இரண்டு காரியம் நடக்கும். முக்குக் கறிக்கடையில் கூட்டம் திரும்பும். மூன்றாவது மாடி அண்ணாச்சிக்குத் தீபாவளி தொடங்கிவிடும். பண்டிகைக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று சொல்லிப் பிரயோசனமில்லை. லிஃப்டில் அகப்பட்டவன் தொலைந்தான்.

"என்ன வேய், தீபாவளி வருது. ஆனா அந்தக் காலத்துத் தீபாவளி வருமா?"

இதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதையும் அவரே வைத்திருக்கிறார். பதில் முடியும்வரை லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொள்வார். கீழே யாராவது பொத்தானை அழுத்தி அழுத்திக் களைத்து, படியேறிப் போயிருப்பார்கள்.

அண்ணாச்சி சென்னைக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். அதற்கு முன் அம்பாசமுத்திரத்தில் பதினேழு. தீபாவளிக் கணக்கில் அந்தப் பதினேழுதான் செல்லும், மற்றதெல்லாம் கள்ளநோட்டு. அதிலும் அந்தக் காலம் சும்மா இருப்பதில்லை, வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. நான் முதன்முதலில் கேட்டபோது அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருந்தார். அடுத்த வருஷம் நாலரை. போன வருஷம் மூன்று. இந்தக் கணக்கில் போனால் சீக்கிரமே முந்தின நாள் ராத்திரி, படுப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார். (இன்றைக்கு அவர் எழுவது ஏழரைக்கு. அவர் வீட்டம்மா, எங்களுக்கு மைனி, மூன்று தடவை கூப்பிட்ட பிறகு.)

தீபாவளி மருந்தைப் பற்றிப் பேசினால் சித்த வைத்தியர் தோற்றார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் இடித்து, வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டி, கறுகறுவென்று உருட்டிக் கொடுப்பார்களாம். "அதைத் தின்னுட்டு ஒரு தூக்குப் பலகாரம் உள்ள போனாலும் வயிறு கப்புனு இருக்கும் வேய். இப்பப் பிள்ளைக மாத்திரை போடுது." அவர் அதை வாயில் வாங்கி, கிணற்றடிக்கு ஓடி, வாழை மூட்டில் துப்புவார் என்பது பின்னால் தெரிந்தது. யார் சொன்னது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பட்டாசு விஷயத்தில் அவர் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று சொல்ல, தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு போட இது என்ன பிரஷர் மாத்திரையா?" என்பார். ஓலைவெடியை மொட்டை மாடியில் முறத்தில் காயவைத்து, மேகம் கறுத்தால் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு ஓடியது, விடிந்ததும் யார் வீட்டு வாசலில் குப்பை அதிகம் என்று எண்ணிப் பார்த்தது, வெடிக்காததையெல்லாம் பொறுக்கிப் பிரித்து மருந்தைக் கொட்டிப் புஸ்ஸென்று கொளுத்தியது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். எனக்கும் ஏதோ செய்யும். நானும் பொறுக்கியவன்தான்.

ஆனால் பலகாரத் தட்டு வந்துவிட்டால் இந்த மென்மையெல்லாம் காணாமல் போகும். அண்ணாச்சி நீதிபதி ஆகிவிடுவார். எதிர்வீட்டு மைசூர்பாகை விரலால் அமுக்கிப் பார்ப்பார். "இதை ஏன் கடிக்கணும்? ஸ்பூன் போட்டுக் குடிக்கலாமே. எங்க வீட்டுல துளை துளையா, நடுவுல சிவந்து, கடிச்சா சத்தம் வரும்." தீர்ப்பு வாசித்து முடிப்பதற்குள் தட்டில் மூன்று துண்டு குறைந்திருக்கும். முதல் மாடி அதிரசத்தில் வெல்லம் பத்தாது, பக்கத்து வீட்டு ரிப்பன் பக்கோடாவில் காரம் கூடுதல். எல்லாத் தீர்ப்பும் ஒரே வரியில் முடியும்: "எங்கம்மா கை வராது." மைனி மூன்று வருஷம் முன்பு வீட்டில் சுடுவதை நிறுத்திவிட்டு, கடையில் ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, "யாரோ கைன்னா திட்டு வெளியாளுக்குப் போகும்லா?" என்றார். அந்த வீட்டில் தீபாவளியைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அம்மா கையின் உச்சம் முந்திரிக்கொத்து. பேரில் முந்திரி இருக்கிறதே என்று சென்னைக்காரர்கள் உள்ளே தேடுவார்கள், இருக்காது. சிறுபயற்றை வறுத்துத் திரித்து, எள்ளும் தேங்காயும் ஏலமும் சேர்த்து, வெல்லப்பாகு விட்டு உருண்டை பிடித்து, அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் விடுவது. உருண்டையைச் சூட்டோடு பிடிக்க வேண்டும். ஆறினால் உதிர்ந்து புட்டாகிவிடும். "பிடிச்சுப் பிடிச்சு அம்மா உள்ளங்கை செக்கச்செவேல்னு ஆயிரும் வேய். அந்தக் கையாலேயே முதக் கொத்தை எனக்குத் தருவா" என்று அண்ணாச்சி தன் கையை விரித்துக் காட்டுவார். அப்போது மட்டும் லிஃப்ட் கதவை விட்டுவிடுவார்.

இந்த வருஷம் ஊரிலிருந்து அவருடைய பெரியக்கா வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய, மெலிந்த, சத்தமான மனுஷி. வந்த மறுநாளே மைனியை அடுப்படிக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு, முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துவிட்டார். வாசம் மூன்று மாடிக்கும் இறங்கியது. நான் கூப்பிடாமலேயே போனேன்.

அண்ணாச்சி ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு முதல் கொத்தைக் கடித்தார். மென்றார். நீதிமன்றம் நிசப்தமானது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா கை வரலையே அக்கா."

"அம்மா கையா?" அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "ஏல, அம்மா எங்கல முந்திரிக்கொத்து பிடிச்சா? அவளுக்குப் புகை ஆகாது, மூச்சு முட்டும். நடையில உக்காந்து பாவு பதம் மட்டும் சொல்லுவா. ஏழாங் கிளாஸ்ல இருந்து கட்டிக் கொடுக்குறவரைக்கும் நான்தான் பிடிச்சேன். நீ வாசப்படியில நின்னு ஒண்ணு தா ஒண்ணு தான்னு உயிரை எடுப்ப. மருந்தைக் கொடுத்தா மட்டும் வாழை மூட்டுல போய்த் துப்புவ."

அவர் கையை நீட்டிக் காட்டினார். உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. பெருவிரல் மூட்டில் கொஞ்சம் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது.

அண்ணாச்சி மெல்லுவதை நிறுத்தினார். ஊஞ்சலும் நின்றது. மைனி என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன்.

"அதான பாத்தேன்" என்றார் அண்ணாச்சி கடைசியில். "அந்தக் காலத்துல நீ பிடிச்ச மாதிரி இது இல்லைக்கா."

சொல்லிவிட்டு நாலாவது கொத்தை எடுத்தார்.