பாதை மிதக்கும் ஊர்

கேள்வி: படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேரவன் வேனில் வந்து, மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வாரம் நடந்து திரிய ஆசை. வானிலை ஏமாற்றாத மாதம் எது?
— லண்டன் வாசகர்

பதில்: மார்ச்சில் வாருங்கள். கார்த்திகை முதல் தை வரை மாரி. வயலும் வாவியும் ஒன்றாகிவிடும். உங்கள் வேன் நீந்தப் பழகியிருக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது, கார்த்திகை மேகத்தோடு நாங்கள் விளையாடுவதில்லை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அனலாய் அடிக்கும், நடப்பதென்றால் விடியலில்தான்.

நடை எங்களுக்குப் புதிதல்ல. உகந்தை தாண்டி, குமண, யால காடுகளின் வழியே கதிர்காமத்துக்கு இன்றும் பக்தர்கள் கால்நடையாகப் போகிறார்கள். அவர்களுக்குக் கேரவன் தலைமேல் இருக்கும் மூட்டைதான்!

வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், குருமண்வெளியில் நின்று மண்டூருக்கு வழி கேளுங்கள். "பாதையில போங்க" என்பார்கள். தரையில் தேடாதீர்கள். ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். இறங்கினால் மேற்குக் கரையான படுவான்கரை, சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகன் கோயில், வயல்வெளி, கொக்குக் கூட்டம். குடையை மட்டும் எடுத்துக்கொண்டு, வேனை இக்கரையிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.