சுங்கம் கட்டிய காபி

தெருமுனையில் காபி குடிப்பவனுக்கு நாக்கு இருக்கலாம், லட்சியம் கிடையாது. எங்கள் தாம்பரத்து நண்பர்கள் நால்வரைப் பாருங்கள். வீடு ஒரே தெருவில். ஆனாலும் ஞாயிறு விடிகாலை காரெடுத்து, பரனூரிலும் ஆத்தூரிலும் சுங்கம் கட்டி, திண்டிவனம் பக்கம் போய்த்தான் சந்திக்கிறார்கள். வாசலில் நின்று பேசினால் வம்பு. நெடுஞ்சாலையில் பேசினால் நட்பு அல்லவா?

அங்கே கிடைப்பது 'கும்பகோணம் டிகிரி காபி'. கும்பகோணம் இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, அதனாலென்ன? பித்தளை டபரா பளபளக்கிறது. படமெடுத்து முடிப்பதற்குள் ஆறிவிடும் காபிக்கு ஐந்து நட்சத்திரம்.

போன வாரம் மாஸ்டரிடம் ஊர் விசாரித்தார்கள். தாம்பரமாம். எங்கள் தெருமுனையில்தான் கடை வைத்திருந்தாராம். ஆளே வராததால் மூடிவிட்டாராம்.

"அதானே பார்த்தேன், இந்தக் கைப்பக்குவம் நம்ம ஏரியாவுல எங்கண்ணே கிடைக்குது!" என்று வியந்து, டிப்ஸும் வைத்துவிட்டு வந்தார்கள்.